தங்கச் சுரங்கமும் இருமாறி அசமன்பாடுகளும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. பொன் முற்றிலும் தீருமுன்பே அங்குள்ள சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. காரணத்தை அசமன்பாடுகளால் அறியலாம். கீழ்க்காணும் எண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை.

நாள்தோறும், டன்னுக்கு 10 கிராம் பொன் தரும் கல் 'க' டன்னும், 4 கிராம் தரும் கல் 'ச' டன்னும் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். ஆலை அரைக்கக்கூடியது 900 டன். எனவே,

க + ச ≤ 900. க ≥ 0. ச ≥ 0.

ஒரு டன் கல்லை வெட்டி, மேலேற்றி, அரைக்கும் செலவு 6 கிராம் பொன்னின் விலைக்குச் சமமாயின், நட்டமின்றி நடத்துவதற்கு,

10க + 4ச ≥ 6(க + ச). அதாவது, ச ≤ 2க.

வளமான கல் 200 டன்னே கிடைக்குமாயின், ச 400ஐ மிகாது. ஆலையில் மூன்றிலொரு பங்கு வேலையற்றிருக்கும். இந்நிபந்தனைகளுக்கு இணங்கும் புள்ளிகள் வரைபடத்தில் ஒரு முக்கோணமாக அமையும்.

ஆழம் மிகுந்து செலவு 8 கிராமாயின், ச ≤ க/2, முக்கோணம் சுருங்கும். செலவு 10 கிராமைக் கடப்பின், ஆதிப்புள்ளி ஒன்றே எஞ்சும்: சுரங்கத்தை மூடுவதன்றி வேறு வழியில்லை.

பொன்விலை உயரின், கிராமில் கணக்கிட்ட செலவு குறையும். முக்கோணம் மீண்டும் விரியும். ஆதலின், ஒரு கல் தாதுவா, வெறுங்கல்லா என்பதை அதிலுள்ள பொன் மட்டுமே முடிவு செய்வதில்லை.