பிபி இல்லாதவருக்கு எதற்கு பிபி மாத்திரை?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. கல்லீரல் சுருக்கத்துக்கு இரண்டு வருடமாக வைத்தியம் பார்க்கிறோம். தீபாவளி கழிந்து ஒரு ராத்திரி ரத்த வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி செய்து பேண்ட் போட்டார்கள். ஹீமோகுளோபின் 7.6 இருந்தும் ரத்தம் ஏற்றவில்லை. இப்போது ப்ரொப்ரனலால் 40 மி.கி. காலை, இரவு. மருந்துக்கடையில் அது பிபிக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற மாத்திரை என்கிறார்கள். இவருக்கு பிபி 110/70தான். ஒரே அசதி, நாடி 58. மாத்திரையை நிறுத்திவிடலாமா? மூட்டுவலி மாத்திரையைத் தொடரலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்தாதீர்கள். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. கையில் பட்டை சுற்றி அளக்கிற பிபி வேறு, உங்கள் கணவருக்கு ஏறியிருக்கும் அழுத்தம் வேறு. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டு சேர்க்கும் பெரிய குழாய் போர்ட்டல் சிரை. கல்லீரல் இறுகிப்போனதால் ரத்தம் உள்ளே போக வழியில்லை. வடிகால் அடைத்த தெருவில் தண்ணீர் பக்கத்துச் சந்துகளில் ஏறுகிற மாதிரி, அது உணவுக்குழாயின் மெல்லிய குழாய்களுக்குள் ஏறிப் புடைக்க வைக்கிறது. கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். 10ஐத் தொட்டால் குழாய்கள் புடைக்கத் தொடங்கலாம், 12ஐத் தாண்டினால் வெடிக்கலாம்.

ப்ரொப்ரனலால் இதயத்துக்கென்று ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்த மருந்து. அதைக் கல்லீரல் நோயாளிகளுக்குக் கொடுத்து, மறுபடி ரத்தம் கசிவது குறைகிறது என்று 1981இல் காட்டியது பிரான்சின் திதியே லெப்ரெக் குழு. இதயம் தள்ளுகிற ரத்தத்தையும் இது குறைக்கிறது, குடலுக்குப் போகும் தமனிகளையும் சற்றுச் சுருக்குகிறது. இரண்டாவது வேலைதான் இங்கே முக்கியம். அதனால் 'எல்லாம் ஒன்றுதான்' என்று கடையில் அட்டனலாலோ மெட்டப்ரலாலோ மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் இதயத்தோடு நின்றுவிடும்.

நாடி 58 என்று பயப்பட வேண்டாம். 55க்கும் 60க்கும் நடுவில் நிற்கட்டும் என்றுதான் அளவை ஏற்றுகிறோம். அசதி பலருக்குச் சில வாரங்களில் தணிகிறது. தணியாவிட்டால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், அல்லது கார்வெடிலாலுக்கு மாற்றலாம். அதை 6.25 மி.கி.யில் தொடங்கி 12.5இல் நிறுத்துவது வழக்கம். ஆனால் பிபியின் மேல் எண் 90க்குக் கீழே இறங்கினாலோ, எழுந்து நிற்கையில் கண் இருட்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த மருந்தே கூடாது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் என்றால், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேண்ட் போட்டாயிற்றே, மாத்திரை எதற்கு என்றும் கேட்பார்கள். பேண்ட் புடைத்த குழாயை மட்டும் அடைக்கிறது, உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கிறது. ஒரு முறை ரத்தம் கசிந்தவருக்கு இரண்டும் சேர்ந்துதான் வைத்தியம். குழாய்கள் மறையும்வரை சில வார இடைவெளியில் பேண்ட் போடக் கூப்பிடுவார்கள். அதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ரத்தம் ஏற்றாதது அலட்சியம் இல்லை. 'இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க டாக்டர்' என்று உறவினர்கள் வார்டில் சண்டைக்கு வருவது எனக்குப் பழக்கம். அளவுக்கு மேல் ரத்தம் ஏற்றினால் போர்ட்டல் அழுத்தமும் கூடவே ஏறி, அடைபட்ட இடம் திறந்துகொள்ளும். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால்தான் ஏற்றுவது என்று கட்டுப்பாடாக இருந்த நோயாளிகள் அதிகம் பேர் பிழைத்ததை 2013இல் பார்சிலோனா டாக்டர்கள் காட்டினார்கள். அன்று ராத்திரி உங்கள் கணவருக்கு டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு ஊசியும் ஆன்டிபயாடிக்கும் ஏறியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். மறுபடி ரத்த வாந்தியோ, தார் மாதிரி கருப்பாக மலமோ வந்தால் இதையெல்லாம் உடனே தொடங்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். வீட்டில் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

மூட்டுவலி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று இருந்தால் இன்றோடு விட்டுவிட வேண்டும். ரத்தக் கசிவையும் தூண்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் கல்லீரலுக்கு ஆகாது என்று பயந்து இவற்றுக்குத் தாவுகிறவர்கள் நிறைய. குடி இல்லாதவருக்கு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நாளுக்கு 2 கிராமுக்குள் பாரசிட்டமால்தான் பத்திரம். அதாவது 500 மி.கி. மாத்திரை நான்குக்கு மேல் வேண்டாம்.