மூன்று மில்லிமீட்டர் வாரில் ஒரு கடிவாளம்

1950-இல் ஒரு மேசைக் கடிகாரத்துக்கு அலங்காரமாகச் சிகாகோவில் வார்த்த பிளாஸ்டிக் குதிரைதான் பிரேயர் நிறுவனத்தின் இன்றைய மாதிரிக் குதிரைகளுக்கெல்லாம் மூத்தது. அவற்றுக்குச் சேணம் செய்கிறவர்கள் அதிகம் விரும்புவது நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு அளவை. இவற்றுக்கென்றே அமெரிக்காவில் போட்டிகள் நடக்கின்றன. ஒரு பிரிவில், குதிரைக்குக் கௌபாய் சேணம் பூட்டி, கன்றுக்குச் சுருக்குக்கயிறு வீசும் நேரத்தையோ பீப்பாயைச் சுற்றிப் பாயும் நேரத்தையோ மேசைமேல் காட்சியாக நிறுத்த வேண்டும். வார் சரியான இடத்தில் விழுகிறதா, அந்த வேலைக்கு அந்தச் சேணம் ஏற்றதா என்று நடுவர் குனிந்து பார்ப்பார்.

அகலத்தை ஒன்பதால் வகுக்க எல்லோருக்கும் தெரியும். ஓர் அங்குல வார் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகிவிடும். புதியவர்கள் மறப்பது தடிமனை. நிஜச் சேணத்தின் தோல் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் இருக்கும். இங்கே அது அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். கடிவாளத்துக்கு அதைவிட மெல்லியது வேண்டும். தடித்த தோலில் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் பொம்மைக்கு மாட்டியதாகவே தெரியும்.

ஆகவே இந்த வேலையின் உயிர் சீவுவதில்தான் இருக்கிறது. கண்ணாடிப் பலகையில் தோலைக் கவிழ்த்து, புது பிளேடால் உட்புறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். மெல்லிய தோல் இழுத்தால் நீளும். அதனால் லேசாக ஈரப்படுத்தி, இழுத்துக் காயவைத்து, அதன்பிறகே வாரை அளவாக நறுக்குவது நல்லது. சாயம் முதலில், பசை பிறகு: பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது.

பூவேலை செய்ய மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும். நம் ஊரில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலும் இந்த வகைதான். குரோம் உப்பில் பதனிட்ட தோலில் அச்சு நிற்காது. தோலை நனைத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும்போது அழுத்தினால் கோடு கூர்மையாக விழும். கடை அச்சுகள் இந்த அளவுக்குப் பெரியவை. ஆணியின் முனையை அரத்தால் ராவி அச்சாக்கிக்கொள்ளலாம். வயோமிங் மாநிலத்து ஷெரிடன் பாணியில் பூக்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். ஆனால் அங்கவடி வாரின் மேலுள்ள தோல் மடல் இந்தச் சிறிய அளவில் இரண்டு சென்டிமீட்டர் சொச்ச அகலம்தான். அதில் தெளிவான இரண்டு பூ போதும். பத்துப் பூவைத் திணித்தால் சொரசொரப்பு மட்டும் மிஞ்சும்.

சேணத்தின் உள்கூட்டை அந்தந்தக் குதிரையின் முதுகிலேயே, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, களிமண்ணில் பிடிப்பது உத்தமம். ஒரே அளவுக் குதிரைகளிலும் தோள்மேடு ஒன்றுபோல் இருக்காது. வாயில் கடிவாள இரும்பை நிறுத்த ஒட்டும் மெழுகில் ஒரு துளி போதும். போட்டி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோலின் சாயம் வெளிர்நிறக் குதிரையில் கறையாக இறங்கும்.

சேணத்தின் முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும் கொம்பின் வடிவம், குதிரை செய்யப்போகும் வேலையைப் பொறுத்தது. கயிறு வீசுபவர் மாட்டைப் பிடித்ததும் கயிற்றைக் கொம்பில் சுற்றுவார். அதனால் அது தடித்து, மேலே உறை சுற்றியிருக்கும். மந்தையிலிருந்து மாட்டைப் பிரிக்கும் போட்டியில் ஓட்டுபவர் கையால் பற்றிக்கொள்ள உயரமான, ஒல்லியான கொம்பு. சுருக்குக்கயிறும் அளவுக்குள் வர வேண்டும்: நிஜத்தில் முப்பது அடி என்றால் இங்கே ஒரு மீட்டர், தடிமன் ஒரு மில்லிமீட்டர். நூலில் மெழுகு தேய்த்து வளையமாகச் சுற்றிவைத்தால் விறைப்பாக நிற்கும்.