குளிசையும் கசாயமும்: நிறுத்துப் பார்க்கும் விதம்



உங்கள் வீட்டிலே இப்படியொரு காட்சி நடந்திருக்கக்கூடும். காலைச் சாப்பாடு முடிந்து அம்மா தமது பிறசர்க் குளிசையை எடுக்கிறார். அந்நேரம் அடுத்த வீட்டு அன்ரி படலையைத் திறந்துகொண்டு வருகிறார். "அக்கா, எத்தனை வருசமாய் உந்த இங்கிலிஸ் மருந்தை விழுங்கிறியள்? குண்டிக்காய் பழுதாய்ப் போயிடும். அதை விட்டிட்டு நான் சொல்லுற சாறைக் குடியுங்கோ. இயற்கை மருந்து, ஒரு கெடுதலும் இல்லை" என்கிறார்.

அவர் அன்பினாலேயே இதைச் சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சிறு பேச்சினுள் மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன. ஆங்கில மருந்து தீங்கு செய்யும் என்பது ஒன்று. இயற்கை மருந்து தீங்கு செய்யாது என்பது இரண்டு. ஆகவே ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கலாம் என்பது மூன்று. முதலாவதில் பாதி உண்மையுண்டு. இரண்டாவது தவறு. மூன்றாவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இம்மூன்றையும் இன்று ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஆங்கில மருந்து தீங்கு செய்யுமா?

செய்யலாம். இதை மறைப்பதால் பயனில்லை. மேற்கு ஜேர்மனியில் 1957-ஆம் ஆண்டு தலிடோமைட் என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற தாய்மார் காலைக் குமட்டலுக்கும் அதை எடுத்தனர். 1961-இன் இறுதியில் அது மீளப் பெறப்படுவதற்கிடையில் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்துவிட்டனர். புதிய மருந்துகளைக் கண்டிப்பாகச் சோதிக்கும் சட்டங்கள் பல நாடுகளில் இறுக்கமடைந்தது இந்தத் துயரத்தின் பின்னரே.

நாள்தோறும் நாம் எடுக்கும் மருந்துகளுக்கும் பக்க விளைவுகள் உண்டு. இரத்த அழுத்தத்துக்குரிய எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். அம்லோடிப்பின் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். நீரிழிவுக்குரிய மெற்போமின் தொடக்கத்தில் வயிற்றைக் குழப்பும். இவற்றுள் எதுவும் மருந்தைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவதற்குக் காரணமன்று. வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு குளிசைக்கு மாற்றுவார். இருமலைத் தாங்காதவருக்கு எனலாப்ரிலுக்குப் பதிலாக லொசாட்டன் கொடுப்பது வழக்கம்.

அப்படியாயின் குண்டிக்காய் பழுதாகும் என்ற பயத்தின் நிலை என்ன? இங்கேதான் பலர் தவறுகின்றனர். சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பது பிறசர்க் குளிசையன்று. கட்டுக்குள் வராத பிறசரும் கட்டுக்குள் வராத நீரிழிவுமே அதைக் கெடுக்கின்றன. மெற்போமின் தானாகச் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அதன் அளவைக் குறைக்கவோ அதை நிறுத்தவோ வேண்டும். அதற்காகவே இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

ஆனால் சிறுநீரகத்துக்கு உண்மையாகவே தீங்கு செய்யும் ஆங்கில மருந்துகள் வேறு உண்டு. அவற்றை நாம் எவரையும் கேளாமலே வாங்கி விழுங்குகிறோம். மூட்டு நோவுக்கும் முதுகு நோவுக்கும் எடுக்கும் டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்றவையே அவை. இவை இரத்த அழுத்தத்தைக் கூட்டும். இரைப்பையிற் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யும். வயோதிபருக்கும் பிறசர்க் குளிசை எடுப்பவருக்கும் சிறுநீரகத்தைச் சடுதியாகத் தாக்கவும் கூடும். வைத்தியர் எழுதித் தந்த குளிசைக்குப் பயந்து, எழுதித் தராத குளிசையைப் பயமின்றி எடுப்பது விசித்திரமே.

இயற்கையானது தீங்கற்றதா?

இயற்கையின் மருந்து வலிமையைக் குறைத்து மதிப்பிடுவோர் வரலாறு அறியாதவர். தென்னமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டை மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் என்பதை ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் பரப்பியவர்கள் இயேசு சபைத் துறவிகள். அதனாலேயே அது 'இயேசு சபையாரின் பட்டை' என்று பெயர் பெற்றது. ஆனால் ஒரு மரத்தின் பட்டையில் மருந்து கூட இருக்கும், மற்றதிற் குறைய இருக்கும். 1820-இல் பெல்லெற்றியே, கவாந்து என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பின்னரே இவ்வளவு எடை கொண்டவருக்கு இவ்வளவு மருந்து என்று அளந்து கொடுக்க முடிந்தது. அளவு மிஞ்சினாலோ அதே கொயினா காதை இரையச் செய்யும், பார்வையைக் கெடுக்கும், இதயத் துடிப்பைக் குழப்பும்.

இரத்த அழுத்தத்துக்கே ஓர் உதாரணம் உண்டு. நமது நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைப்பதை 1949-இல் பம்பாய் இதயநோய் நிபுணர் றுஸ்ரம் ஜால் வக்கீல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையொன்றில் எழுதி உலகறியச் செய்தார். 1952-இல் அவ்வேரிலிருந்து றெசேர்பின் பிரிக்கப்பட்டுக் குளிசையாயிற்று. பலர் பயன்பெற்றனர். ஆயினும் சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாவதை வைத்தியர்கள் கண்டனர். இன்று அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டதால் அதன் பாவனை அருகிவிட்டது. வேராக இருந்தபோதும் குளிசையாக மாறியபோதும் உடம்பினுள் வேலை செய்த பொருள் ஒன்றே. உடம்பை நல்ல வழியில் மாற்ற வல்ல எதுவும் அதைக் கெட்ட வழியிலும் மாற்ற வல்லது.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் புறூசல்ஸ் நகரில் உடம்பு மெலிவதற்காக மூலிகை மருந்தெடுத்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயும் கண்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்ரொலோக்கியா இனத்துச் செடியொன்று அந்த மருந்திற் கலந்திருந்ததே காரணம். எங்கள் ஊர்களில் ஈச்சுரமூலி எனப்படுவதும் அதே இனத்ததே.

தூர தேசத்துக்குப் போவானேன்? கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கவென்று பிலிம்பிக்காய்ச் சாற்றைச் செறிவாகக் குடித்த 10 பேரின் சிறுநீரகங்கள் சடுதியாகப் பழுதடைந்ததை வைத்தியர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். அக்காயில் உள்ள ஒட்சாலிக் அமிலம் சிறுநீரகத்திற் பளிங்குகளாகப் படிந்துவிடுகிறது. தமரத்தங்காயும் அத்தகையதே. அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை இலங்கை வைத்தியர்களும் கண்டு எழுதியிருக்கிறார்கள். கறியில் இரண்டு துண்டு போடுவது வேறு. வெறும் வயிற்றில் ஒரு கோப்பை சாறு குடிப்பது வேறு. முன்னது உணவு, பின்னது மருந்தின் அளவு.

இதனால் சித்த வைத்தியத்தைப் பழிக்கிறோம் என்று எண்ணவேண்டாம். கற்றுத் தேர்ந்து பதிவு பெற்ற சித்த வைத்தியர் நோயாளியைப் பார்த்து, நாடி பிடித்து, மருந்தைச் சுத்தி செய்து, அளவும் பத்தியமும் சொல்லியே கொடுக்கிறார். கைக்குக் கை மாறி வரும் பெயரில்லாப் போத்தலும், எவரோ சொன்னார் என்று குடிக்கும் சாறும் அந்த வைத்தியமாகா.

ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கலாமா?

இரத்த அழுத்தம் நோவைத் தருவதில்லை. 180-இல் நின்றாலும் பலருக்குத் தலையிடிகூட வராது. ஆகவே குளிசையை விட்டவர், "விட்டு ஒரு மாதமாகிறது, எனக்கு ஒன்றும் இல்லையே" என்று மகிழ்வார். அந்த மாதங்களிலே மூளையிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லக் கெடும். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பின்னரே உண்மை தெரியவரும். சாறு வேலை செய்கிறதா என்பதை உடம்பைக் கேட்டு அறிய முடியாது. அளந்துதான் அறியமுடியும்.

சில மருந்துகளைச் சடுதியாக நிறுத்துவதே ஆபத்து. அற்ரெனலோலைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுநோவு வரலாம். வலிப்புக் குளிசையை நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வரும். நெடுநாள் எடுத்த பிறெட்னிசலோனைப் படிப்படியாகவே குறைக்கவேண்டும். இன்சுலினை நிறுத்துவது சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கலாம்.

அப்படியாயின் இயற்கை வழிக்கு இடமே இல்லையா? நிறைய இடம் உண்டு. ஆனால் அது போத்தலுக்குள் இல்லை. அமெரிக்காவில் நீரிழிவு வரும் நிலையிலிருந்த 3,000-க்கு மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வொன்றின் முடிவு 2002-இல் வெளிவந்தது. உணவைச் சீர்செய்து, வாரத்துக்கு 150 நிமிடம் நடந்து, உடல் நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைக்க முயன்றவர்களிடையே நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. மெற்போமின் எடுத்தவர்களிடையே 31 வீதமே குறைந்தது. இங்கே நடை குளிசையை வென்றது. ஆனால் அவர்கள் நோய் இன்னும் வராதவர்கள் என்பதை மறக்கக்கூடாது. நோய் முற்றியவருக்கு நடையும் வேண்டும், குளிசையும் வேண்டும்.

உப்பும் அவ்வாறே. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்புப் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளே அடங்கவேண்டும். உப்பைக் குறைத்து, நிறையைக் குறைத்து, புகையையும் மதுவையும் விட்டவருக்கு வைத்தியரே குளிசையைக் குறைக்கக்கூடும். குளிசையைக் குறைப்பதற்கு நேர்மையான வழி இதுவே.

சீராக்கின் ஞான நூலின் 38-ஆம் அதிகாரம் வைத்தியரையும் நிலத்திலே விளையும் மருந்தையும் ஒருங்கே இறைவனின் கொடையாகப் பேசுகின்றது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியவர்கள் நாமே.

நிறுத்துப் பார்க்க ஐந்து கேள்விகள்

குளிசையாயினும் கசாயமாயினும் வாயில் இடுமுன் இவற்றைக் கேளுங்கள்.

1. இதன் சரியான பெயர் என்ன? வியாபாரப் பெயரையன்றி மருந்தின் பெயரையே அறிந்திருக்கவேண்டும் என்பதை நம் நாட்டுக்குக் கற்பித்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக அவரே மூலகாரணர். பெயர் தெரியாத மருந்தைப் பற்றி எவரும் உங்களுக்கு எச்சரிக்க முடியாது.

2. இது எந்த நோய்க்கு, எந்த அளவில், எத்தனை நாளுக்கு?

3. இதை எடுக்காவிட்டால் என்ன நேரும்? தடிமனுக்கு மல்லித்தண்ணீர் போதும். 180 பிறசருக்கு அது போதாது.

4. நான் ஏற்கெனவே எடுப்பவற்றோடு இது ஒத்துப்போகுமா? நீரிழிவுக் குளிசையோடு பாவற்காய்ச் சாறும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். சிறுநீரகம் தளர்ந்தவர் எனலாப்ரில் அல்லது லொசாட்டனோடு நாள்தோறும் இளநீர் குடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கலாம். கருவுற்ற பெண்கள் இவ்விரு குளிசைகளையும் எடுக்கக்கூடாது.

5. பலன் உண்டா என்பதை எதைக் கொண்டு அளப்பேன்? அழுத்தமானியா, இரத்தப் பரிசோதனையா, வெறும் நம்பிக்கையா?

வருகிற ஞாயிறு செய்யவேண்டியது

பூசை முடிந்து வீடு திரும்பியதும் அலுமாரியிலும் தலையணைக்கடியிலும் குசினித் தட்டிலும் உள்ள எல்லாக் குளிசைகளையும், எண்ணெய்களையும், தூள்களையும், போத்தல்களையும் மேசையில் பரப்புங்கள். காலாவதியானதை ஒதுக்குங்கள். எஞ்சியவற்றின் பெயரையும் அளவையும் ஒரு கொப்பித் தாளில் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். குடிக்கும் கசாயத்தையும் விடாது எழுதுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அத்தாளை வைத்தியரிடம் நீட்டுங்கள். கோபிப்பாரோ என்று அஞ்சவேண்டாம். மறைத்த கசாயத்தால் வரும் தீங்கை அவரால் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த வீட்டு அன்ரிக்கும் ஒரு மறுமொழி வேண்டுமல்லவா? "நீங்கள் சொன்னதையும் டாக்டரிட்டைக் கேட்டுப் பாக்கிறன், அதுவரைக்கும் குளிசையை விடமாட்டன். வாங்கோ, பின்னேரம் ரண்டு பேரும் சேர்ந்து நடந்திட்டு வருவம்" என்று சொல்லுங்கள். அவர் கொண்டுவந்த அன்பும் வீணாகாது, உங்கள் உயிரும் காக்கப்படும்.