மணலில் எழுதித் தமிழ் படித்த வெளிநாட்டு மாணவர்



நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். ஒடிசாவிலிருந்து வந்தவன். அவன் அப்பாவுக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. ஒருநாள் மதியம் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவன் காலி பாட்டிலைக் காட்டி என்னிடம் "பாணி, பாணி" என்று கேட்டான். நான் சும்மா இருக்காமல், "பானி மட்டும் போதுமா, பூரி வேணாமாடா?" என்றேன். பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவனும் லேசாகச் சிரித்துவிட்டு, காலி பாட்டிலோடு வகுப்புக்குப் போய்விட்டான்.

அப்போது எனக்கு ஒன்றும் தோணவில்லை. லீவுக்குக் காரைக்காலில் அத்தை வீட்டுக்குப் போனபோதுதான் உறைத்தது.

போகிற வழியில் தரங்கம்பாடி வருகிறது. மாமா என்னை ஒருநாள் அங்கே கூட்டிப்போனார். கடற்கரையில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை இருக்கிறது. நம் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த மாதிரி, தரங்கம்பாடி 1845 வரை டென்மார்க்கிடம் இருந்தது. அங்கேதான் மாமா சீகன்பால்குவின் கதையைச் சொன்னார்.

சீகன்பால்கு ஜெர்மனியில் 1682இல் பிறந்தவர். டென்மார்க் மன்னர் அனுப்ப, கிறிஸ்தவ சமயப் பணிக்காக 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடி வந்து இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. கூட வந்தவர் புளுட்சோ. இரண்டு பேருக்கும் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

இன்று வெளிநாட்டுக்கு மொழி படிக்கப் போகிறவர்கள், அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டிலேயே தங்கிக்கொள்வது உண்டு. ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினுக்குப் போனால் சாப்பாடு கேட்பதும் ஸ்பானிஷில்தான், சாவி தொலைந்தால் சொல்வதும் ஸ்பானிஷில்தான். வேறு வழியில்லாததால் வாய் தானாகத் திறக்கும். சீகன்பால்குவுக்கு அப்படி ஒரு தமிழ்க் குடும்பம் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தமிழையே தன் வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டார்!

ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய வயதான வாத்தியார் ஒருவரைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தச் செய்தார். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவரைவிட அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர்கள் முன்னால் தப்பாக எழுத அவர் கூச்சப்படவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஆகவே போர்ச்சுகீசியம் உள்பட ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த அழகப்பன் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ஒருவர் எழுத்தைக் கொடுத்தார், ஒருவர் பொருளைக் கொடுத்தார்.

அவர் நாள்தோறும் படித்த முறையும் நமக்கு ஒரு பாடம். காலையில் முதல் வேலையாக, ஏற்கெனவே படித்த சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். பிறகு தமிழ் அறிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவடிகளைப் படிப்பார். இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, வேறொருவர் படிக்கக் காதால் கேட்பார். வாய், கண், காது மூன்றுக்கும் வேலை!

பலன் என்ன? வந்து இரண்டே ஆண்டுகளில், 1708இல், தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியில் வெளியானது. 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36தான்.

மாமா சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த வாத்தியாரும் பிள்ளைகளும் "பூரி வேணாமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்திருந்தால் அவர் தமிழ் படித்திருப்பாரா? நம் ஒடிசாத் தம்பியும் மொழி தெரியாத ஊருக்குப் படிக்க வந்தவன்தானே. அவனுக்கு இங்கே தமிழ்க் குடும்பம் என்றால் அது நாம்தான். அந்த வீட்டில் முதல் நாளே தண்ணீர் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

லீவு முடிந்து வந்ததும் அவனைத் தேடிப் போனேன். என் பாட்டிலை நீட்டி, "தண்ணி" என்றேன். "தன்னி" என்றான். மைதானத்து மணலில் "தண்ணீர்" என்று எழுதிக் காட்டினேன். அவன் பக்கத்திலேயே வட்ட வட்டமாக ஒடியா எழுத்தில் எழுதினான். நான் "பானி" என்று படித்தேன். அவன் தலையை ஆட்டி, நாக்கை மடித்து, "பாணி" என்று திருத்தினான். இந்தியில்தான் அது "பானி", ஒடியாவில் மூன்று சுழி "ணி". கட்டுரை நோட்டில் ன, ண மாற்றிப் போட்டுத் தமிழம்மாவிடம் தினமும் திட்டு வாங்கும் எனக்கு, ஆறாம் வகுப்புப் பையன் அதே பாடத்தை எடுத்தான்!

இந்தப் பாடத்தில் நான் படித்தவை:
1. தப்பாகப் பேசாமல் எந்த மொழியும் வராது.
2. தெரிந்ததையே தினமும் திரும்பச் சொல்ல வேண்டும்.
3. ஒருவன் தப்பாகப் பேசினால் திருத்தலாம், சிரிக்கக் கூடாது. சிரித்தால் அவன் வாய் மூடிக்கொள்ளும்.

செய்து பாருங்கள்: நம் பள்ளியில் வேறு மொழி பேசும் தம்பி, தங்கைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தினம் ஒரு தமிழ்ச் சொல் கொடுத்து, அவர்கள் மொழியில் ஒரு சொல் வாங்குங்கள். நான் இதுவரை ஒன்பது வாங்கியிருக்கிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவன், வில்லியனூர்