தவில் அடி ஓரிடம், சத்தம் ஓரிடமா? வீட்டு டி.வி.டி.யில் ஆடியோ - வீடியோவைச் சேர்ப்பது எப்படி?

பழைய கல்யாண கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி டி.வி.டி.யாக மாற்றுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் பிரச்சினை இது. படம் நன்றாக இருக்கும். ஆனால் தாலி கட்டி முடித்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கும்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கத்துக் கல்யாணங்களில் நாதஸ்வரமும் தவிலும் இல்லாமல் இருக்காது. பேசுபவரின் உதடு சற்றுத் தவறினால் நாம் கவனிக்காமல் விட்டுவிடலாம். தவில் குச்சி தோலில் படும் கணம் தவறினால் உடனே தெரிந்துவிடும். அதே தவில் அடியை வைத்துத்தான் இந்தத் தவற்றை அளக்கப் போகிறோம். அளக்காமல் சாப்ட்வேரைத் திறந்தால் நேரம்தான் வீணாகும்.

எவ்வளவு தவறினால் தெரியும்?

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் 125 மில்லி செகண்ட் வரை தெரியாது. காரணம் எளிது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். சாமி புறப்பாட்டில் நமக்கு 34 மீட்டர் முன்னால் வாசிக்கும் தவிலின் சத்தம், அடி விழுந்து 100 மில்லி செகண்ட் கழித்தே நம் காதுக்கு வருகிறது. பிந்தி வரும் ஒலி நமக்குப் பழகிவிட்டது. முந்தி வரும் ஒலி இயற்கையில் கிடையாது.

நம் நாட்டு பால் முறை வீடியோவில் விநாடிக்கு 25 பிரேம்கள். ஒரு பிரேம் என்பது 40 மில்லி செகண்ட்.

அளப்பது எப்படி?

இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயரில் பைலைத் திறந்து, தவில் அடி தெரியும் ஒரு காட்சிக்குப் போங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'ஜே' கீயை அழுத்தினால் ஒலி 50 மில்லி செகண்ட் முன்னால் வரும். 'கே' கீயை அழுத்தினால் அதே அளவு பின்னால் போகும். அடியும் சத்தமும் சேரும் வரை அழுத்தி, திரையில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்பம், நடு, கடைசி என மூன்று இடங்களில் இப்படி அளக்க வேண்டும். விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. மூன்று இடத்திலும் ஒரே அளவு

உதாரணமாக எல்லா இடத்திலும் மைனஸ் 300. இது சுலபமான வகை. விர்ச்சுவல்டப்2 என்ற இலவச சாப்ட்வேரில் பைலைத் திறக்கவும். வீடியோ மெனுவில் டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி என்பதைத் தேர்வு செய்தால் படத்தின் தரம் குறையாது. பிறகு ஆடியோ மெனுவில் இன்டர்லீவிங் போய், ஆடியோவைத் தாமதப்படுத்தும் கட்டத்தில் -300 என்று கொடுத்து, வேறு பெயரில் சேமிக்கவும்.

2. போகப் போக அதிகமாகிறது

ஆரம்பத்தில் 0, அரை மணியில் மைனஸ் 600, ஒரு மணியில் மைனஸ் 1200. இதை மேலே சொன்ன முறையில் சரி செய்ய முடியாது. ஆரம்பம் சேர்ந்தால் கடைசி பிரியும். கேசட்டை ஏற்றும்போது கம்ப்யூட்டர் திணறிச் சில பிரேம்களை விட்டுவிட்டால் இப்படி ஆகும். 25 பிரேம் போனால் படம் ஒரு விநாடி குறைந்துவிடும். ஒலி மட்டும் முழு நீளத்தில் இருக்கும்.

முடிந்தால் மறுபடி ஏற்றுவதே சிறந்தது. முடியாவிட்டால் ஆடியோவை மட்டும் தனி வேவ் பைலாகச் சேமித்து, அடாசிட்டியில் திறக்கவும். முழுவதையும் தேர்வு செய்து, எபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ போனால் நீளத்தை விநாடியில் கேட்கும். இந்த உதாரணத்தில் 3601.2 விநாடி ஆடியோவை 3600 ஆக்க வேண்டும். இதில் சுருதி மாறாது. சேமித்த பிறகு விர்ச்சுவல்டப்2-வில் ஆடியோ மெனு வழியாக இந்தப் புதிய பைலைப் படத்துடன் சேர்க்கவும்.

3. ஓரிடம் வரை சரி, பிறகு திடீரென்று தவறுகிறது

கேசட்டில் அந்த இடம் கசங்கியிருக்கும், அல்லது பதிவு விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தில் பைலை இரண்டாக வெட்டி, பின்பகுதிக்கு மட்டும் முதல் முறையைச் செய்யுங்கள்.

சிடி, மினி டிவி கேசட், செல்போன்

டி.வி.டி.யின் ஒலி 48,000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். பழைய வி.சி.டி.யில் இருப்பது 44,100. மினி டிவி கேமராவில் 12 பிட் என்று வைத்து எடுத்திருந்தால் 32,000. இதை முறையாக மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டால் பிரச்சினைதான். 44,100-ல் உள்ள ஒரு மணி நேர ஒலி சுமார் 55 நிமிடத்தில் முடிந்துவிடும், நாதஸ்வரச் சுருதியும் ஏறிவிடும். எனவே ஆடியோவை முதலில் அடாசிட்டியில் 48,000 ஆக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

செல்போன் வீடியோவில் பிரேம் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. வெளிச்சத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். டி.வி.டி. சாப்ட்வேருக்குக் கொடுக்கும் முன் ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பகுதியில் 25 பிரேம், கான்ஸ்டன்ட் பிரேம்ரேட் என்று வைத்து மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எழுதும் முன் கவனிக்க வேண்டியவை

* கேசட்டை ஏற்றும்போது வேறு எந்த புரோகிராமும் ஓடக்கூடாது. மினி டிவி கேசட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் வேண்டும். விடுபட்ட பிரேம்களின் எண்ணிக்கையைத் திரையில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

* முதலில் அழித்து எழுதக்கூடிய ஆர்.டபிள்யூ. டிஸ்கில் எழுதி, டி.வி.யில் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் மட்டும் பார்த்தால் இரண்டாவது வகைத் தவறு தெரியாது.

* கடையில் வாங்கிய சினிமா டி.வி.டி.யும் அதே டி.வி.யில் தவறினால் உங்கள் டிஸ்கில் குறையில்லை. டி.வி.யின் ஆடியோ டிலே அமைப்பைச் சரி செய்யுங்கள்.

* டி.வி.டி. எழுதியாயிற்று என்று கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிய மூலப் பைலையும் அழிக்காதீர்கள். வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஓடும் வி.சி.ஆர். ஒன்று தெருவில் யார் வீட்டிலாவது இருந்தால், கேசட் ஏற்றும் வேலையை அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டால், எந்த சாப்ட்வேராலும் அந்தக் கெட்டிமேளத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.