வைரம் உடையுமா?

முதிர்ந்த மரத்தை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்கிறோம். அசையாத உள்ளத்தை ‘வைர நெஞ்சம்’ என்கிறோம். எதனாலும் அழியாதது வைரம் என்னும் எண்ணம் நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கிறது. இந்த எண்ணம் எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சற்று ஆராய்வோம்.

பிரேசில் நாட்டில் 18ஆம் நூற்றாண்டில் வைரம் கிடைக்கும் வரை, உலகின் வைரத் தேவையைப் பெரும்பாலும் நிறைவு செய்தது நம் பாரத நாடே. கிருஷ்ணை நதிக்கரையில் உள்ள கொல்லூர்ச் சுரங்கம் அவற்றுள் புகழ் பெற்றது. கல்லோடு கதைகளும் கப்பலேறின. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, வைரத்தை அடைகல்லில் வைத்து அடித்தால் சம்மட்டிதான் சிதறும் என்றும், வெள்ளாட்டுக் கடாவின் சூடான குருதியில் ஊறினால் மட்டுமே வைரம் உடையும் என்றும் எழுதி வைத்தார். இதை நம்பிச் சம்மட்டியால் சோதிக்கப்பட்டு, ‘போலி’ என்று பெயர் வாங்கித் தூளான நல்ல வைரங்கள் எத்தனையோ!

பிழை எங்கே? கடினம் வேறு, உடையாத் தன்மை வேறு. கீறலுக்கு இடங்கொடாமையே கடினம். மோஸ் என்பவர் 1812இல் வகுத்த கடின அளவையில் மாணிக்கமும் நீலமும் 9 பெற, வைரம் 10 பெறுகிறது. ஆயினும் அதன் படிகத்தில் எளிதில் பிளவுபடும் திசைகள் நான்கு உண்டு. விறகை நாரோட்டத்தில் பிளப்பது எளிது; குறுக்கே வெட்டுவது கடினம். வைரமும் அத்தகையதே. உரிய திசையில் ஓர் அடி விழுந்தால் இரண்டாகிவிடும்.

இதற்குச் சான்று கல்லினன் வைரம். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த இதன் எடை 3106 கேரட். அதாவது ஏறத்தாழ 621 கிராம். 1908இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஜோசப் ஆஷர் இதைப் பிளக்க முற்பட்டார். முதல் அடியில் உடைந்தது கத்தி! அடுத்த முயற்சியில் வைரம் பிளந்தது. அதிலிருந்து 9 பெரிய கற்கள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரியது, சுமார் 530 கேரட் எடையுடன், பிரிட்டிஷ் அரசரின் செங்கோலில் ஒளிர்கிறது.

பிளந்த கல்லைப் பட்டை தீட்டுவது எவ்வாறு? முள்ளை முள்ளால் எடுப்பது போல, வைரத்தை வைரத் தூளால் தேய்க்கிறார்கள். வைரத்தின் கடினம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லை. தூளில் உள்ள துகள்கள் பல திசைகளிலும் திரும்பிக் கிடப்பதால், அவற்றுள் சில தம் மிகக் கடினமான முனையால் கல்லைத் தேய்த்துவிடுகின்றன.

தீயும் வைரத்தைத் தீண்டாது என்று எண்ணினர். 1772இல் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர், பெரிய குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தே காட்டினார். 1797இல் ஸ்மித்சன் டென்னன்ட் என்ற ஆங்கிலேயர், ஒரே எடையுள்ள வைரமும் கரியும் எரிந்தால் ஒரே அளவு கார்பன்-டை-ஆக்சைடு உண்டாவதை நிறுவினார். ஆம், அரசர் முடியில் இருப்பதும் அடுப்படியில் கிடப்பதும் கார்பனே! வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களை இறுகப் பற்றி நிற்கிறது. பென்சிலில் உள்ள கிராபைட்டிலோ அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்து, அடுக்குகள் எளிதில் நழுவுகின்றன. பொருள் ஒன்றே, அமைப்பு வேறானதால் குணமும் வேறாயிற்று.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. வைரத்தோட்டையும் மூக்குத்தியையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றையொன்று கீறும். கல் தரையில் ஓங்கி விழுந்தால் விளிம்பு தெறிக்கவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வைரம் உண்மையா எனச் சோதிக்க யாரேனும் சுத்தியலை எடுத்தால், கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். அந்தச் சோதனையில் தோற்பது வைரமன்று; சோதிப்பவரின் அறிவே!