ஐஸையும் சேர்த்து எடைபோடு, தம்பி

திருப்பாலைவனத்தில் முதல் மீன் வண்டி வாங்கப்போகும் தம்பிக்கு,

பழவேற்காட்டுச் சரக்கு ஏற்ற டீசல் வண்டிதான் என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். 2005-இல் டாடா ஏஸ் வந்த நாளில் அந்தப் பேச்சு பொருந்தியது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். ஊரே அதைக் குட்டியானை என்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் கணக்கு மாறியது. மாருதி சூப்பர் கேரியில் டீசலே நின்றுபோனது. ஏஸில் 694 சிசி பெட்ரோல் என்ஜின் வந்தது: 30 குதிரைத்திறன், 750 கிலோ பாரம்.

காரணம் சைலன்சர் பக்கம் இருக்கிறது. புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிந்து தீர, வண்டி நன்றாகச் சூடேறிச் சீராக ஓட வேண்டும். மீன் ஏலம் முடியும்வரை என்ஜினை அணைக்காமல் நின்று, பொன்னேரிவரை போய்த் திரும்பும் வண்டிக்கு அது வாய்க்காது. வடிகட்டி அடைக்கும், விளக்கு எரியும், ஒர்க்‌ஷாப் செலவு வரும். பெட்ரோலில் அந்தத் தொல்லை இல்லை.

அதற்காக எல்லாருக்கும் பெட்ரோல் ஆகாது. ஐஸைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள். 350 கிலோ இறாலுக்கு ஏறக்குறைய அதே எடை ஐஸ் வேண்டும். பெட்டிகளையும் சேர்த்தால் 750 கிலோ அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் ஏற்றினால் சின்ன பெட்ரோல் என்ஜின் கீழ் கியரிலேயே கத்திக்கொண்டு எரிபொருளைக் குடிக்கும். தினமும் ஒரு டன்னுக்கு மேல் சென்னைக்கு ஏற்றுபவருக்கு, 1,700 கிலோ தாங்கும் பொலேரோ பிக்கப் போன்ற 2.5 லிட்டர் டீசல்தான் சரி. குறைந்த சுற்றிலேயே இழுக்கும். நீண்ட ஓட்டத்தில் வடிகட்டியும் அடைக்காது.

நண்டு வியாபாரம் வேறு. கால் கட்டிய உயிர் நண்டை ஈரச் சாக்கு மூடிக் கூடையில் அனுப்புபவருக்கு ஐஸ் பாரமே இல்லை. பெட்ரோல் தாராளமாகப் போதும்.

எந்த என்ஜினையும் உப்பு விட்டுவைக்காது. பெட்டியில் இருந்து சொட்டும் தண்ணீர் காய்ந்து, பட்டை ஸ்பிரிங் இடுக்கில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். பேட்டரி முனையில் பச்சை படரும். கடைசி ட்ரிப் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவினால்தான் எஃப்சி என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது செலவு கையைக் கடிக்காது.

வீட்டு நகையை அடகு வைத்து முன்பணம் கட்டும் வண்டி இது. ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு வாரம் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று, ஒவ்வொரு ட்ரிப்பின் தூரத்தையும் ஐஸோடு சேர்ந்த எடையையும் நோட்டில் எழுதிக்கொண்டு போ, தம்பி.